18ஆவது மனுவுக்கு முன்னால்

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில், சுமார் 6,000 பேர் வசிக்கும் ஓர் ஊராட்சிக்குள் இருக்கிறது எங்கள் மனைப்பிரிவு. 138 வீடுகள். 2013இல் குடியிருப்போர் நலச்சங்கத்தைப் பதிவு செய்தோம். இப்போது 91 உறுப்பினர்கள். வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் சந்தா. மாதக் கூட்டத்துக்கு 12 பேர் வந்தால் அதிகம். 3ஆவது, 4ஆவது தெருக்களில் இன்னும் சாலை இல்லை. மழைநீர் வடிகால் பாதியில் நிற்கிறது. நான்கு ஆண்டில் 17 மனு கொடுத்துவிட்டோம். தொடக்கம் முதல் ஒருவரே தலைவர். நல்லவர், கைக்காசு போட்டுச் செலவு செய்கிறவர். பதிவேடுகள் எல்லாம் அவர் வீட்டில்தான். நான்கு ஆண்டாகப் பதிவாளர் அலுவலகத்தில் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. இளைஞர்கள் வேறு சங்கம் தொடங்கலாம் என்கிறார்கள். வார்டு உறுப்பினர், "சங்கம் எங்க பக்கம் வரட்டும், ரோடு தானா வரும்" என்கிறார். நான் செயலாளராகி மூன்று மாதம் ஆகப் போகிறது. எதில் தொடங்குவது?

பதில்:

அன்புள்ள செயலாளருக்கு,

மனுவுக்குப் பலன் இல்லை என்பதை ஒரு குறையாகவும், கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்பதை இன்னொரு குறையாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. சங்கத்தின் ரசீதுப் புத்தகம், மினிட்ஸ், பாஸ்புக் எல்லாம் தலைவர் வீட்டு பீரோவில் இருக்கின்றன. ஊராட்சியின் எஸ்டிமேட், பில், அளவுப் புத்தகம் (செய்து முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) எல்லாம் அலுவலக பீரோவில் இருக்கின்றன. இரண்டையும் திறக்காமல் 18ஆவது மனு எழுதுவதில் பயனில்லை. முதலில் திறக்க வேண்டியது உங்களுடையது. ஊராட்சிக் கணக்கைக் கேட்டு எழுந்து நிற்கும் உறுப்பினரிடம், "உங்க சங்கக் கணக்கு எங்கே?" என்று யாராவது திருப்பிக் கேட்டால் அவர் உட்கார்ந்துவிடுவார். பிறகு எழுந்திருக்க மாட்டார்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 உங்களிடம் கேட்பது அதிகமில்லை. ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு, அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு. நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர். பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது, ஆனால் அவர்களையே மறுபடி தேர்ந்தெடுக்கலாம். நிர்வாகிகள் மாறினால் மூன்று மாதத்துக்குள் படிவம் 7இல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் தணிக்கை செய்த கணக்கு, உறுப்பினர் பட்டியல், சங்கம் செயல்பாட்டில் இருக்கிறது என்ற உறுதிமொழி ஆகியவற்றை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

நீங்கள் பொறுப்பேற்று மூன்று மாதம் ஆகப் போகிறது என்கிறீர்கள். உங்கள் பெயரோடு படிவம் 7 போய்விட்டதா என்று இன்றே பாருங்கள். அதைவிட முக்கியமானது, உங்களைத் தேர்ந்தெடுத்த கூட்டம் எது என்பது. 12 பேர் உட்கார்ந்த மாதக் கூட்டத்தில் கைதட்டித் தேர்ந்தெடுத்திருந்தால் அது பொதுக்குழு ஆகாது. 21 நாள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், துணைவிதி (சங்கத்தின் சொந்த விதிகள்) சொல்கிற கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முறையான பொதுக்குழுவைக் கூட்டி முழு நிர்வாகக் குழுவுக்கும் தேர்தல் நடத்திவிடுங்கள். தலைவரும் நிற்கட்டும், ஜெயிக்கட்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்கும் தொடர்ந்து இருந்துவருகிற தலைவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலும் வங்கியில்தான் உணர்வார்கள். கையெழுத்துப் போடுகிறவரை மாற்ற வேண்டும் என்று போனால் வங்கி முதலில் கேட்பது தீர்மான நகலும், பதிவாளர் அலுவலகத்தில் பதிவான நிர்வாகிகள் பட்டியலும்தான்.

நான்கு ஆண்டுக் கணக்கை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஆண்டுவாரியாக நான்கு கோப்பு போடுங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்தான் எலும்புக்கூடு. ரசீது அடிக்கட்டையையும் வவுச்சரையும் அதன்மேல் பொருத்திக்கொண்டே வாருங்கள். பொருந்தாத செலவுகள் கட்டாயம் இருக்கும். அவற்றை "வவுச்சர் இல்லாதவை" என்று தனித்தாளில் எழுதிப் பொதுக்குழு முன் வைத்து, ஏற்பதா இல்லையா என்று தீர்மானமாகப் பதியுங்கள். பல சங்கங்கள் கெடுவது இந்த இடத்தில்தான்: பழைய தேதி போட்டு வவுச்சர் எழுதுவார்கள். நான்கு ஆண்டு வவுச்சரும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. 2021 தேதியிட்ட பில்லில் 2024இல் திறந்த கடையின் சீல் இருக்கும். காணாமல்போன வவுச்சரைப் பொதுக்குழு மன்னிக்கும். போலி வவுச்சர் ஒன்று போதும், தலைவரின் இத்தனை ஆண்டு நல்ல பெயரும் போய்விடும். கணக்கு முடிந்ததும் தாமதத்துக்கான விளக்கக் கடிதத்தோடும் அபராதக் கட்டணத்தோடும் தாக்கல் செய்யுங்கள். இப்படியே விட்டால், செயல்படாத சங்கம் என்று பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க முடியும்.

தலைவரின் கைக்காசு விஷயத்தை நாசூக்காக, ஆனால் உடனே முடியுங்கள். அவர் போட்ட பணத்துக்கு இரண்டே வழிதான். பில் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அல்லது நன்கொடை என்று ரசீது வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் இல்லாமல் தொங்கும் பணம் ஒரு கடமைப்பாடாக மாறிவிடுகிறது. "அவரே பார்த்துக்குவார்" என்று உறுப்பினர்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். "என் காசுதானே" என்று அவரும் யாரையும் கேட்பதில்லை. 12 பேர் மட்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மாதம் ஒரு கணக்குத் தாள். பெரிய வித்தை இல்லை. 5ஆம் தேதிக்குள் அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

தொடக்க இருப்பு 41,350
சந்தா வரவு 14,600 (73 வீடு, 18 வீடு பாக்கி)
காவலாளி சம்பளம் 9,000
மோட்டார் காயில் கட்டியது 6,200 (வவுச்சர் 14)
பிளீச்சிங் பவுடர் 640 (வவுச்சர் 15)
முடிவு இருப்பு 40,110

பாக்கி வீடுகளின் எண்ணிக்கையைப் போடுங்கள், பெயரைப் போடாதீர்கள். பெயர் வந்த வீடு சந்தாவோடு கூட்டத்துக்கு வருவதையும் நிறுத்திவிடும். காசோலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து. கையிருப்பு ரொக்கத்துக்கு ஓர் உச்சவரம்பு, 2,000 ரூபாய் என்று வையுங்கள். அதற்கு மேல் எல்லாம் வங்கி வழியாக.

புதுச் சங்கம் கேட்கிற இளைஞர்களுக்கு: ஏழு பேர் இருந்தால் பதிவு செய்துவிடலாம், உண்மைதான். ஆனால் ஒரே நகரிலிருந்து இரண்டு லெட்டர்பேடு வந்தால் அலுவலகத்தில் கிடைக்கும் பதில் எல்லோருக்கும் தெரியும்: "முதல்ல நீங்க ஒண்ணா வாங்க சார்." அந்த வாக்கியத்தைச் சொல்ல அவர்களுக்கு நாமே வாய்ப்புக் கொடுக்க வேண்டாம். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36ஆவது பிரிவில் இன்னொரு வழி இருக்கிறது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் எழுதிக் கேட்டால் சங்கத்தின் நிர்வாகத்தையும் நிதிநிலையையும் பதிவாளர் விசாரிக்கலாம். உங்கள் சங்கத்தில் அது 31 கையெழுத்து. இதைப் பயன்படுத்தச் சொல்லவில்லை. இப்படியொரு உரிமை இருக்கிறது என்று பொதுக்குழுவில் வாசித்துக் காட்டுங்கள், போதும். அது தெரிந்த உறுப்பினர் சண்டை போடாமலே கேள்வி கேட்பார்.

அடுத்து, உறுப்பினர் யார் என்பது. உங்கள் துணைவிதியை எடுத்துப் பாருங்கள். மனைப்பிரிவுச் சங்கங்கள் பெரும்பாலானவற்றில் "மனை அல்லது வீட்டின் உரிமையாளர்" என்றுதான் இருக்கும். பத்திரம் கணவர் பெயரில் இருக்கும். அவர் காலை 7 மணிக்கு வேலைக்குப் போய் இரவு 9 மணிக்கு வருவார். தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, குப்பை வண்டி எத்தனை நாளாக வரவில்லை என்பதெல்லாம் தெரிந்த மனைவி உறுப்பினர் இல்லை. வாடகைக்கு இருப்பவரும் இல்லை. 138 வீட்டில் 91 பேர்தான் உறுப்பினர் என்றால் மீதி 47 வீடுகளில் எத்தனை வாடகை வீடு என்று எண்ணிப் பாருங்கள். கிராம சபை இப்படிக் கேட்பதில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அவர் உறுப்பினர். அங்கே பேச உரிமை உள்ளவருக்கு உங்கள் சங்கத்தில் நாற்காலி இல்லை என்றால் மாற வேண்டியது துணைவிதிதான்.

வீட்டுக்கு இரண்டு வயதுவந்த உறுப்பினர், சந்தா ஒன்றே. வாடகைதாரருக்கும் உறுப்பினர் உரிமை. சொத்து தொடர்பான தீர்மானங்களில் மட்டும் உரிமையாளர் வாக்கு. இப்படி ஒரு திருத்தம் போடலாம். திருத்த வாசகம் முழுவதும் நோட்டீஸிலேயே அச்சாகியிருக்க வேண்டும், பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற வேண்டும், பிறகு பதிவாளரிடம் பதிய வேண்டும். "இதர விஷயங்கள்" என்ற தலைப்பின் கீழ் நுழைத்தால் செல்லாது. கூட்ட நேரத்தையும் பாருங்கள். ஞாயிறு இரவு 8 மணிக் கூட்டம் பெண்களுக்கு ஆகாது.

வருகிறவர்களுக்கு வேலை இருக்க வேண்டும். தலைவர் பேச மற்றவர் கேட்கும் கூட்டத்துக்கு யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். தண்ணீர், விளக்கு, வடிகாலும் சாலையும், கணக்கு என்று நான்கு குழு, குழுவுக்கு மூன்று பேர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் விலகி ஒருவர் சேர வேண்டும். ஒவ்வொரு குழுவிடமும் ஒரு 100 பக்க நோட்டு. விளக்குக் குழுவின் நோட்டில் எல்லா மின்கம்ப எண்களும், எந்த விளக்கு எந்தத் தேதியில் அணைந்தது, எப்போது எரிந்தது என்பதும் இருக்கட்டும். "தெருவிளக்கு எரியவில்லை" என்ற புகாரைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். கம்ப எண் கொடுத்தால் ஏணியோடு நேராக அங்கே வந்து நிற்பார்கள்.

சாலைக்கு வருவோம். 17 மனுவிலும் "சாலை வசதி செய்து தர வேண்டும்" என்றுதான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தத் தெரு யாருடையது? மனைப்பிரிவு போட்டவர் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் விட்டிருந்தால் காகிதத்தில் அது இன்னும் தனியார் நிலம். தனியார் நிலத்தில் ஊராட்சி பணம் போட முடியாது. போட்டால் தணிக்கையில் ஆட்சேபணை வரும். அலுவலகத்தில் இதை வாய்விட்டுச் சொல்லாமல் "நிதி இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். நீங்களும் நிதிக்காகக் காத்திருப்பீர்கள்.

எனவே முதலில் அனுமதி பெற்ற லே-அவுட் வரைபடத்தை எடுங்கள். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண் அதில் இருக்கும். தெருக்கள் இருக்கும் சர்வே எண்ணுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தால் தானப் பத்திரத்தின் ஆவண எண் கிடைக்கும். 1ஆவது, 2ஆவது தெருவுக்குச் சாலை வந்து 3ஆவது, 4ஆவது தெருவுக்கு வராமல் இருப்பதால், இரண்டாம் கட்டமாகப் போட்ட மனைகளுக்குத் தானப் பத்திரம் விடுபட்டதா என்பதைக் குறிப்பாகப் பாருங்கள். அனுமதியற்ற மனைப்பிரிவு என்றால், உங்கள் மனையைத் தனியாக வரன்முறைப்படுத்தியதாலேயே தெருவும் ஊராட்சிக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்திரம் விடுபட்டிருந்தால், மனைப்பிரிவு போட்டவரையோ அவர் வாரிசுகளையோ பிடித்து எழுதி வாங்குவதுதான் சங்கத்தின் முதல் வேலை. மனு அதற்கு அப்புறம்.

தெரு ஊராட்சியுடையதுதான் என்று உறுதியானால் தகவல் உரிமைச் சட்டத்துக்குப் போங்கள். அதற்கும் முன்னால் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தையும் செலவு விவரங்களையும் பார்த்துவிடுங்கள். அங்கே இருப்பதையே மறுபடி கேட்டு 30 நாளை வீணாக்க வேண்டாம்.

மனுவை லெட்டர்பேடில் எழுதாதீர்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம் தகவல் பெறும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. "சங்கம் குடிமகன் அல்ல" என்று திருப்பி அனுப்ப இடம் கொடுக்கக்கூடாது. உறுப்பினர் ஒருவர் தன் பெயரில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பட்டும். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் கருத்து வரும், அல்லது ஒன்றும் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்:

1. ஊராட்சியின் சாலைகள் பதிவேட்டில் எங்கள் நகரின் தெருக்கள் இடம்பெற்றுள்ள பக்கங்களின் நகல்.
2. கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஊராட்சியில் நடந்த சாலைப் பணிகளின் பட்டியல்: பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, நிதித் தலைப்பு, வேலை உத்தரவு தேதி, வழங்கிய தொகை.
3. இந்தத் தேதியில் கொடுத்த, இந்த ஒப்புகை எண் கொண்ட மனு எந்தெந்தத் தேதியில் யாரிடம் இருந்தது, என்ன குறிப்பு எழுதப்பட்டது என்பதைக் காட்டும் கோப்புப் பக்கங்களின் நகல்.

மூன்றாவது கேள்வி பல நேரம் மனுவைவிட வேகமாக வேலை செய்கிறது. 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறிக்காமல் விட்டுத்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே கேள்வியை இருபது பேர் இருபது மனுவாகப் போடுகிற பழக்கம் சில சங்கங்களில் இருக்கிறது. அது போராட்டம் அல்ல, தொந்தரவு. அதற்குப் பதில் நான்கு குழுவிலிருந்தும் ஒருவர் தத்தம் விஷயத்தில் ஒரு மனு போடட்டும். மேல்நிலைத் தொட்டி எந்தெந்தத் தேதியில் கழுவப்பட்டது, குளோரின் எவ்வளவு வாங்கினார்கள் என்று தண்ணீர்க் குழுவில் இருக்கும் பெண் உறுப்பினர் கேட்டு, பதில் தபாலில் தன் பெயருக்கு வரும்போது, அவருக்கு ஏற்படுகிற தைரியம் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காது.

இந்தச் சட்டமே அப்படிப் பிறந்ததுதான். 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு ஊர் மத்தியில் பந்தல் போட்டு, ஊராட்சி வேலைகளின் மஸ்டர் ரோலையும் (வேலையாட்களின் வருகை, கூலிப் பட்டியல்) பில்லையும் சத்தமாக வாசித்தது. பட்டியலில் பெயர் இருந்தவர்களே "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்று எழுந்து சொன்னார்கள். அங்கிருந்து 2000இல் ராஜஸ்தான் சட்டம், 2005இல் நாடு முழுவதற்குமான சட்டம். மாநிலங்களில் தமிழ்நாடு 1997இலேயே ஒரு சட்டம் போட்டு முந்திக்கொண்டது. ஆனால் விதிவிலக்குகளின் நீளத்தில் உரிமை காணாமல் போயிருந்தது.

இப்போது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் கோரம் 200 பேர். உங்கள் நகரிலிருந்து 40 பேர் போனால் ஐந்தில் ஒரு பங்கு. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே நோட்டீஸ் வந்துவிட வேண்டும். அதற்கும் ஒரு வாரம் முன்னால் உங்கள் விஷயத்தைப் பொருள் நிரலில் சேர்க்கும்படி ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் இதே முறைதான்.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். "சாலை வசதி செய்து தர ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்பது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. இப்படி எழுதுங்கள்:

"நகர் 3ஆவது தெரு, கிழக்கு முனை முதல் மேற்கு முனை வரை 120 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்குச் சிமென்ட் சாலை அமைக்க மதிப்பீடு தயாரிக்கும்படி வட்டார வளர்ச்சி அலுவலரைக் (கிராம ஊராட்சி) கோரவும், மேற்படி தெரு இந்த எண்ணுள்ள தானப் பத்திரத்தின்படி ஊராட்சிக்குப் பாத்தியமானது என்பதைப் பதியவும், எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் வாசிக்கவும் தீர்மானிக்கப்பட்டது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து, "போன கூட்டத் தீர்மானம் இத்தனையாம் எண், நடவடிக்கை என்ன?" என்று கேட்க அதுதான் பிடி. இன்னொன்று: வந்தவுடன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிற்பாடு எழுதிச் சேர்க்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தீர்மானம் எழுதி முடித்து வாசித்த பிறகே கலைந்து போவோம் என்று 40 பேரும் உட்கார்ந்திருந்தால் போதும், கோஷம் வேண்டாம். பத்து நாள் கழித்துத் தீர்மான நகல் கேட்டு எழுதுங்கள்.

"நமக்கு நாமே" திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் சாலை கிடைக்கும் என்றும் யாராவது சொல்வார்கள். கிடைக்கலாம். 4,50,000 ரூபாய் மதிப்பீடு என்றால் ஒன்றரை லட்சம் உங்கள் பங்கு. மதிப்பீடு வரும் முன் வசூலைத் தொடங்காதீர்கள். வசூலித்தது சங்கக் கணக்கிலிருந்து டி.டி.யாகப் போகட்டும், யார் கையிலும் ரொக்கமாக வேண்டாம். என் அபிப்பிராயம், வீட்டு வரி கட்டுகிற தெருவுக்கு இது கடைசி வழியாக இருக்கட்டும்.

40 பேர் என்று சொன்னேன். அந்த எண்ணிக்கையை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதிலும் பொறுப்பு உண்டு. ஊராட்சி என்றால் உங்கள் நகர் மட்டுமில்லை. பழைய ஊரும் காலனியும் இருக்கின்றன. படித்தவர்கள் நிறைந்த மனைப்பிரிவு கிராம சபையில் நன்றாகப் பேசி இருக்கிற நிதியை எல்லாம் தன் தெருக்களுக்குத் திருப்பிக்கொள்வது நடக்கிற காரியம்தான். குடியிருப்போர் சங்கங்கள் மீது வைக்கப்படும் மிகக் கடுமையான விமர்சனமும் இதுவே, நியாயமான விமர்சனமும்கூட. உங்கள் வடிகால் பாதியில் நிற்கிறது என்கிறீர்கள். அந்த முனையில் நின்று பாருங்கள்: அங்கிருந்து நீட்டினால் தண்ணீர் எங்கே போய் விழும்? தாழ்வான பக்கத்துத் தெருவிலா, ஏரியிலா? செங்கல்பட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். உங்கள் கழிவுநீரும் அந்த மழைநீர் வடிகாலில்தான் விடப்படுகிறது என்றால் காலனிக்காரர்கள் மறிப்பார்கள், மறிப்பது சரி. மனு எழுதும் முன் அவர்களோடு உட்கார்ந்து, கழிவுநீர் இணைப்பை முதலில் எடுத்துவிட்டு, மழைநீர் போகும் வழியை இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பாதையாகக் காகிதத்தில் வரையுங்கள். அவர்களின் குடிநீர்க் குழாய் கோரிக்கையும் உங்கள் வடிகாலும் அடுத்தடுத்த தீர்மானங்களாக வந்து, இரண்டுக்கும் இரு தரப்பும் கைதூக்கினால், அதைத் தள்ளிவைக்க எந்த அலுவலருக்கும் எளிதாக இருக்காது.

வார்டு உறுப்பினரிடம் சண்டையும் வேண்டாம், சரணும் வேண்டாம். உறுப்பினர்கள் எந்தக் கட்சியிலும் இருக்கலாம். சங்கத்தின் பெயர், பணம், பலகை, வாட்ஸ்அப் குழு எதையும் எந்த வேட்பாளருக்கும் பயன்படுத்துவதில்லை என்று ஒரு தீர்மானம் போட்டு அதன் நகலை அவருக்கே மரியாதையாகக் கொடுங்கள். பாராட்டு விழா, சால்வைச் செலவு சங்கக் கணக்கில் வரக்கூடாது. தேர்தல் வந்தால் எல்லா வேட்பாளரையும் ஒரே மேடைக்கு அழைத்து, ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவு நேரம் கொடுங்கள். அவர் சொன்னபடி ரோடு வந்தால் வரட்டும். அது ஊராட்சிப் பணம், அவர் பணம் இல்லை. எனவே வருகிற ரோட்டை அளக்கவும் வேண்டும்.

அளப்பது கடினமில்லை. 120 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எஸ்டிமேட் சொன்னால் 54 கன மீட்டர் கான்கிரீட் விழ வேண்டும். கனம் 10 சென்டிமீட்டராகக் குறைந்தால் விழுவது 36தான். மேலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே சாலை. ரெடிமிக்ஸ் லாரி ஒன்று சுமார் 6 கன மீட்டர் ஏற்றும். 54க்கு 9 நடை, 36க்கு 6 நடை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நடையை எண்ணி நோட்டில் குறித்தாலே பாதிக் கணக்கு வந்துவிடும். ஓரத்தில் மண் அணைப்பதற்கு முன், இரு பக்கமும் பன்னிரண்டு மீட்டருக்கு ஓர் இடமாக டேப் வைத்து அளந்து, டேப்போடு படம் எடுங்கள். ஓரிடத்தில் கனம் 12 சென்டிமீட்டர் வந்துவிட்டது என்று உடனே கூச்சல் போட வேண்டாம். தரை மேடுபள்ளமாக இருந்தால் ஓரிடத்தில் குறையும், வேறிடத்தில் கூடும். எல்லா அளவையும் கூட்டிச் சராசரி பாருங்கள். கான்கிரீட் போட்ட பிறகு குறைந்தது 14 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். சணல் சாக்கு போர்த்தித் தண்ணீர் விட்டார்களா என்பதையும் தேதியோடு எழுதுங்கள்; நல்ல கனத்தில் போட்ட சாலையும் வெடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

வேலை நடக்கும்போதே, தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(ஜே) கீழ் பணியை நேரில் பார்வையிடவும் அளவுப் புத்தகத்தின் பக்கங்களைப் பெறவும் ஓர் உறுப்பினர் மனு கொடுத்துவிடட்டும். உங்கள் சராசரியும் அளவுப் புத்தகத்தில் ஏறிய கனமும் ஒத்துப்போனால் அதையும் பொதுக்குழுவில் சொல்லி, வேலையைப் பார்த்த இன்ஜினியருக்கு நன்றிக் கடிதம் அனுப்புங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு தாளையும் சேர்த்து, இறுதி பில் பாஸாவதற்கு முன்பே, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கும் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். பில் பாஸான பிறகு கொடுத்தால் அது விசாரணைக்குப் போகும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பாஸாகும் முன் கொடுத்தால் மறு அளவீட்டுக்கு ஆள் வருவார்கள். அவர்கள் வருகிற அன்று சாலைக் குழுவின் மூன்று பேரும் டேப்போடு தெருவில் இருக்க வேண்டும்.